மூன்று முறை அடகுக்குப் போய் வந்த சங்கிலி



போன மாதம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். "சார், பொண்ணு நர்சிங் படிக்கணும்னு நிக்கிறா. கையில பணம் பத்தல. வீட்டுல எட்டுப் பவுன் இருக்கு, அடகு வைக்கலாம்னா அது அவ கல்யாணத்துக்கு வச்சது, தொடக்கூடாதுன்னு சொல்றாங்க. பவுன் லட்சத்தைத் தாண்டிடுச்சு, இப்பப் போனா திரும்ப வாங்க முடியுமான்னு கேக்குறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாளில் பதிலும் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. உங்களில் பலர் வீட்டில் இது இப்போது ஓடிக்கொண்டிருக்கும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். வாத்தியார் புத்தி போகாது, பாடத்தில்தான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கத்தை மட்டும் ஏன் உலகமே பிடித்துக்கொண்டது? நம் ஊர் கடற்காற்றில் இரும்பு ஜன்னல் கம்பி சில வருடத்தில் துருப்பிடித்து உதிர்கிறது. செம்பு பச்சை பூக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகிறது. தங்கத்துக்கு இது எதுவும் இல்லை. காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடும் தண்ணீரோடும் அது சேர்வதில்லை. நூறு வருடம் கடலுக்கடியில் கிடந்த தங்க நாணயத்தை எடுத்துத் துடைத்தாலும் போட்டபோது இருந்த நிறம்தான். அதைக் கரைக்க வேண்டுமென்றால் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம் போன்ற ஏதாவது வேண்டும்.

அடுத்தது கனம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஒரு கிலோ. அதே பாட்டில் நிறையத் தங்கம் இருந்தால் 19 கிலோவுக்கு மேல் இருக்கும். அதனால்தான் கலப்படம் செய்தால் எடையும் பருமனும் ஒத்துவராது. ஆர்க்கிமிடீஸ் கிரீடக் கதை நினைவிருக்கிறதா? வாளித் தண்ணீரில் கல்லை முக்கிக் காட்டினேனே, அதே பாடம்தான்.

மூன்றாவது, வளைந்து கொடுக்கும் குணம். ஒரு கிராம் தங்கத்தைத் தட்டித் தட்டி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தகடாக்கலாம். ஒரு பவுனைத் தட்டினால் ஒரு சின்ன அறையின் தரை முழுக்க விரிக்கலாம். அவ்வளவு மென்மை இருப்பதால் சுத்தத் தங்கத்தில் நகை செய்தால் நிற்காது. கொஞ்சம் செம்போ வெள்ளியோ சேர்க்கிறார்கள். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருந்தால் அது 22 காரட். 22ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், 0.916 வரும். கடைக்காரர் 916 என்று சொல்வது இதைத்தான். ஆக, 8 கிராம் நகையில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்.

இதுவரை உலகம் முழுவதும் தோண்டி எடுத்த தங்கம் இரண்டு லட்சம் டன்னைக் கொஞ்சம் தாண்டும் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனையையும் உருக்கி ஒரே கனசதுரமாக வார்த்தால் ஒரு பக்கம் 22 மீட்டர்தான் வரும். சிதம்பரம் கோபுரத்தில் ஏறக்குறைய பாதி உயரம். மனித குலம் அடித்துக்கொண்டதெல்லாம் அவ்வளவுக்குத்தான்.

சிதம்பரம் என்றதும் பொன்னம்பலத்துக்கு வருவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போதெல்லாம் அந்தக் கூரையைக் காட்டி ஒரு கணக்குப் போடச் சொல்வேன். அதில் 21,600 பொன் ஓடுகள் என்பது மரபு. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். 21,600ஐ அதால் வகுத்தால் 15. நிமிடத்துக்கு 15 மூச்சு. ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சைக் கூரையாக வேய்ந்திருக்கிறார்கள் என்பது பெரியவர்கள் சொல்லும் பொருள். முதல் பராந்தக சோழன் தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. அவன் ஆண்டது 10ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். பிறகு 12ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழனும் அங்கே பொன் திருப்பணி செய்தான்.

அந்தக் காலத்து நிறைக் கணக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. குன்றி என்பது நாம் பிள்ளையாருக்குக் கண் வைக்கிற குண்டுமணிதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராஜராஜன் கொடுத்த பொன்னையெல்லாம் இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்று குண்டுமணி வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்த எடைக்கல்லுக்கு ஒரு பெயர் இருந்தது: ஆடவல்லான். ஆடவல்லான் யார்? நம் சிதம்பரம் நடராஜர்தான். எடையில் பொய் கூடாது என்பதற்குச் சாமி பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள்!

ஆனால் எவ்வளவு பத்திரமாக எழுதி வைத்தாலும் பொன் ஓரிடத்தில் தங்குவதில்லை. 1311இல் மாலிக் காபூரின் படை தெற்கே வந்தபோது ஒரு பொற்கோயிலைக் கொள்ளையிட்டதை அமீர் குஸ்ரு எழுதியிருக்கிறார். அது சிதம்பரமாக இருக்கலாம் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

போனதைச் சொன்னேன், வந்ததையும் சொல்ல வேண்டும். நமக்கு வடக்கே புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து ரோம நாட்டு மண்பாண்டங்களைக் கண்டெடுத்தார். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் ஈடாக ரோமானியர் பொன் நாணயம் கொடுத்தார்கள். நம் பணமெல்லாம் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்ற ரோமானியர் அப்போதே புலம்பி எழுதினார். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது உளியால் ஒரு வெட்டு. அரசர் முகத்தின் மேலேயே வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் கொள்ளவும் என்பதற்கான அடையாளம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அரசன் முகத்துக்கு நம்மூரில் மதிப்பில்லை, எடைக்கும் மாற்றுக்கும்தான் மதிப்பு.

பிற்காலத்தில் நம் கடற்கரையில் புழங்கிய பொன் நாணயம் வராகன். பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டையின் பெயராலேயே ஒரு வராகன் வழங்கியது, ஒரு பக்கம் சாமி உருவம், மறுபக்கம் புள்ளி புள்ளியாக. நம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் 1690இல் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்களும் வராகனில்தான் கணக்கு எழுதினார்கள். 1818இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய்க்கு மாறியபோதுதான் வராகன் கணக்கு மறைந்தது.

சரி, நாம் ஏன் பவுன் என்கிறோம்? அது இங்கிலாந்துத் தங்க நாணயமான பவுண்டு. எடை 7.988 கிராம், 22 காரட். அதைத்தான் நாம் 8 கிராம் என்று முழுதாக்கிக்கொண்டோம். 1899இல் அந்தப் பவுன் 15 ரூபாய்க்குச் செல்லும் என்று சட்டமே போட்டார்கள். 1918இல் பம்பாயிலேயே அதை அச்சடித்தார்கள். "எங்க காலத்துல பவுன் பதினஞ்சு ரூபா" என்று தாத்தாக்கள் சொன்னது கதையல்ல, சட்டம்!

இனிமேல் வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம் வேர்க்கடலைக்குப் பேர் போனது. ஐரோப்பாவில் வாங்குவார் இல்லாமல் கடலை விலை சரிந்தது. ஆனால் நிலவரி அப்படியே இருந்தது, வாங்கிய கடனும் அப்படியே இருந்தது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கத்தோடு இருந்த பிணைப்பை அறுத்துக்கொண்டது. பவுண்டு இறங்கியது, அதோடு கட்டப்பட்ட ரூபாயும் இறங்கியது, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கடனிலும் வரியிலும் தவித்த குடியானவர்கள் வீட்டுப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றி விற்றார்கள். அந்தப் பொன் உருக்கப்பட்டுப் பம்பாய் போய், அங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. துயரத் தங்கம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். விற்றவர்களில் பலர் மறுபடி வாங்கவே இல்லை.

அடுத்தது சுதந்திர இந்தியாவில். சீனப் போருக்குப் பின் 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, தங்கக் கட்டுப்பாடு வந்தது. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. மக்கள் 14 காரட்டை விரும்பவில்லை. லட்சக்கணக்கான பொற்கொல்லர்களுக்கு வேலை போனது. உயிரை விட்டவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துப் பத்தர் ஒருவர் ஊதுகுழலைப் பரணில் போட்டுவிட்டு மாட்டு வண்டி ஓட்டப் போனதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1966இல் 14 காரட் விதி போனது. 1968இல் தனிச் சட்டமாக வந்த கட்டுப்பாடு 1990இல்தான் முழுவதுமாக நீங்கியது.

மறு வருடமே, 1991இல், நாட்டின் கையில் வெளிநாட்டுப் பணம் தீர்ந்துபோனது. இறக்குமதிக்குச் சில வாரங்களுக்குக்கூடத் தாங்காத நிலை. ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. கிடைத்தது சுமார் 40 கோடி டாலர். நாட்டுக்கே அவமானம் என்று பேசினார்கள். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், எங்க அம்மா மாதிரி கவர்மெண்டும் அடகு வைக்குமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. அடகு வைத்ததால் நாடு கெட்டுப் போகவில்லை. நெருக்கடி தீர்ந்தது, கடன் அடைந்தது.

1931இல் விற்றவர்களுக்கும் 1991இல் அடகு வைத்த நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று வேறு வழியில்லாமல் பழைய கடனுக்குப் போனது, திரும்பவில்லை. மற்றது ஒரு பள்ளத்தைத் தாண்டுவதற்காகக் கணக்கோடு போனது.

இப்போது என் வீட்டுக் கதை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

என் அம்மாவுக்குத் தாய் வீட்டில் போட்ட சங்கிலி இரண்டு பவுன். எங்கள் வீட்டில் இருந்த பொன் அவ்வளவுதான். 1974இல் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். என்னைவிட நல்ல மார்க். ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டார். விடுதிக்கும் புத்தகத்துக்கும் பணம் வேண்டும். அம்மா சங்கிலியை வைக்கலாமே என்று அக்காவே கேட்டார். "அது உன் கல்யாணத்துக்கு வச்சது, அதத் தொடலாமா?" என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. அக்கா களை எடுக்கப் போனார்.

மூன்று வருடம் கழித்து, 1977இல், எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. அதே சங்கிலி. ஒரு வார்த்தை இல்லாமல் அம்மா கழற்றிக் கொடுத்தார். கடலூர் போய் அடகு வைத்து வந்தோம். அன்று பவுன் நானூறு ரூபாய் அளவில் இருந்தது. அக்கா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. எனக்கு வயது பதினெட்டு. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

வேலை கிடைத்துச் சம்பளத்தில் வட்டியும் முதலும் கட்டி 1981இல் சங்கிலியை மீட்டேன். மறு வருடம் அக்கா கல்யாணத்தில் அதை அக்கா கழுத்தில் போட்டார்கள். எல்லோருக்கும் பெருமை. சங்கிலி என்னைப் படிக்க வைத்துவிட்டு, அக்கா கல்யாணத்துக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் அதனால் முடிந்திருக்கிறது! 1974இல் வைத்திருந்தாலும் அக்கா தன் சம்பளத்தில் தானே மீட்டுத் தன் கல்யாணத்துக்குப் போட்டிருப்பார். இந்தச் சின்னக் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை. கணக்கு வாத்தியாரான நானே பல வருடம் போடவில்லை.

2002இல் அக்கா மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. மாமா தயங்கினார். அக்கா தயங்கவில்லை. தானே போய்ச் சங்கிலியை வைத்துவிட்டு வந்தார். அது இரண்டாவது முறை. என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, பூட்டி வச்சா அது வெறும் சங்கிலிடா."

மூன்றாவது முறை தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. மறக்க முடியுமா? முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அக்கா வீட்டுக் கூரை பறந்துவிட்டது. நிவாரணம் வருகிறவரை யார் காத்திருப்பது? சங்கிலி மறுபடி போனது, கூரை வந்தது. இந்த முறை மீட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? அந்த ஆசிரியை மகள்தான். இப்போது அந்தச் சங்கிலி அவள் கழுத்தில் இருக்கிறது. மூன்று முறை போய் வந்தும் குண்டுமணி எடை குறையவில்லை.

ஆகவே தங்கத்தின் மதிப்பு எதில் இருக்கிறது? தொலைக்காட்சியில் ஓடும் விலையில் கொஞ்சம்தான். துருப்பிடிக்காது, எந்த ஊரில் நீட்டினாலும் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள், நம்மை விட்டுப் போய்விட்டு அப்படியே திரும்பி வரும். அதில்தான் மதிப்பு. தேவைப்படும்போது போக விடாமல், வீட்டுப் பெண்ணின் படிப்பைவிட அதைப் பெரிதாக வைத்தால், பெட்டியில் இருக்கிற அந்த எட்டுப் பவுனுக்கும் கூழாங்கல்லுக்கும் வித்தியாசம் இல்லை.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான். முதலில் நகைக்கு உரியவரான உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள், அது அவர் சொத்து. பொண்ணையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் கல்விக் கடனுக்கு வங்கியில் எழுதிக் கொடுங்கள். குறைகிற தொகைக்கு மட்டும் நகையை வையுங்கள், எட்டையும் வைக்க வேண்டாம். விற்காதீர்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள், கைமாற்று வட்டிக்காரரிடம் வேண்டாம். ரசீதில் எடையும் காரட்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வட்டியைத் தவறாமல் கட்டுங்கள், ஏலத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நகையைத் தொலைத்தவர்களில் பலர் அடகு வைத்ததால் தொலைக்கவில்லை, தேதியை மறந்ததால் தொலைத்தார்கள்.

நகை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல வருடம் முன்பு என் வீட்டில் 22 காரட் என்று வாங்கிய வளையல், மாற்றப் போனபோது 18 காரட் என்று தெரிந்தது. கடை பெயர் வேண்டாம். அப்போது பார்க்க வழியில்லை, இப்போது இருக்கிறது. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. 2023 ஏப்ரல் முதல் அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தக் குறியைப் போட்டால் நகையின் விவரம் வரும். ஆடவல்லான் கல் இப்போது உங்கள் செல்போனுக்குள் இருக்கிறது. ரசீது வாங்குங்கள்.

பொன் வைக்கிற இடத்தில் பூ வைக்கிறது என்று நம் பெரியவர்கள் ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள். பொன் இல்லாவிட்டால் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் அந்தச் சொல். பிள்ளை வீட்டாராக உட்காரப் போகும் என் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், பெண் வீட்டார் பயந்து பயந்து பெட்டியைப் பூட்ட வேண்டியிருக்காது. எத்தனை பவுன் என்று கேட்காத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். இது உங்கள் வாத்தியார் உங்களுக்குக் கொடுக்கும் கடைசி வீட்டுப்பாடம்.

அக்கா, இதை உன் பேத்தி செல்போனில் உனக்குக் காட்டுவாள். 1974இல் நான் உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையனின் பேச்சு எடுபட்டிருக்காதுதான். ஆனாலும் பேசியிருக்க வேண்டும்.

மாணவர் நேற்று மறுபடி போன் செய்தார். அவர் மனைவி மூன்று பவுனை எடுத்துக் கொடுத்தாராம். "படிச்சு முடிச்சு அவளே மீட்டுக்கட்டும்" என்றாராம். மகிழ்ச்சி.

உங்கள் வீட்டு நகைக்கும் ஒரு கதை இருக்கும். எழுதுங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
செம்மங்குப்பம்.